ஸ்டேஷன் சுவரில் வந்த தண்ணீர்

எங்கள் தெருவுக்குக் கீழே ஒரு ரயில் ஸ்டேஷன் இருந்தது. பக்கத்தில் என்று சொல்லவில்லை, கீழே என்றுதான் சொல்கிறேன். வீட்டு வாசலிலிருந்து பத்து வீடு தள்ளி ஒரு பாலம். அதன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தால், ஒரு தென்னை ஆழத்தில் தண்டவாளமும் பிளாட்பாரமும் ஓடு போட்ட சின்னக் கட்டடமும் தெரியும். இரண்டு பக்கமும் செங்குத்தாக வெட்டிய சிவந்த மண்சுவர். ரயிலுக்குப் போகிறவர்கள் பாலத்து ஓரத்திலிருந்து படியிறங்கிப் போக வேண்டும். நாற்பத்திரண்டு படிகள். குடத்தோடு ஏறியவளுக்கு அந்தக் கணக்கு மறக்காது.

அந்த ஸ்டேஷனைப் பற்றி இப்போது பேசுகிறவர்கள் பெருமையாகப் பேசுகிறார்கள். குன்றைப் பிளந்து கொண்டுவந்த பாதை என்கிறார்கள். மழைக்காலத்தில் அந்தச் சுவர்களில் முளைக்கும் பெரணிச் செடியைப் பற்றிக்கூட ஒருவர் எழுதியிருந்தார். பார்த்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தார். எனக்கு அப்படி எழுத வராது. என் நாத்தனார் அந்த ஸ்டேஷன் சுவரில் ஊறிய தண்ணீரைக் குடித்துச் செத்துப்போனாள். இருபது வயது. தலைப்பிரசவத்துக்கு வந்தவள். தண்ணீரைச் சுமந்து வந்தவள் நான். அது எப்படி நடந்தது என்று என் குடும்பத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் நான் சொல்கிறேன்.

நாஞ்சில் நாட்டிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு நான் வந்தபோது அங்கே ஸ்டேஷனும் இல்லை, பாலமும் இல்லை. குன்றின் முதுகில் தெரு நேராகப் போகும். தமிழ் வீடு எட்டு, மற்றது மலையாளிகள். ரயில் அப்போது ஊருக்கு வெளியே, கடற்கரைப் பக்கமாகவே நின்றுவிடும். அங்கே போக வில்வண்டி பிடிக்க வேண்டும். அதை ஊருக்குள் கொண்டுவரப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. நடுவில் எங்கள் குன்று. மேலே ஏற்ற முடியாது, அறுத்துக்கொண்டு போவோம் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

அறுத்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கூட்டம் கூட்டமாக ஆட்களைக் கொண்டுவந்தார்கள். ஆண்கள் வெட்டினார்கள், பெண்கள் கூடையில் மண் சுமந்தார்கள். காலையிலிருந்து பொழுது சாயும்வரை அந்தப் பெண்கள் வரிசையாக ஏறி இறங்குவதை எங்கள் புறவாசலிலிருந்தே பார்க்கலாம். அவர்கள் சேலை, முகம், தலைமுடி எல்லாம் ஒரே சிவப்பு. வெட்டின பள்ளத்தின் மேல்விளிம்பில் ஓலைக் குடிசைகள் போட்டுக் குடியிருந்தார்கள். வேலை முடிந்ததும் குடிசைகளைப் பிரித்துவிட்டு, அதே இடத்தில் ரயில்வே ஆட்களுக்கு வரிசையாக வீடு கட்டினார்கள். வீட்டுக்குப் பின்னால் வரிசையாகக் கக்கூஸ்.

குன்றை அறுக்கிறவனுக்குக் கிணறு கண்ணில் படாது. எங்கள் வீட்டுக் கிணறு வெட்டுக்கல்லில் தோண்டியது. கோடையிலும் வற்றாது. என் மாமியாருக்கு அந்தக் கிணற்றில் அவ்வளவு பெருமை. தெருவில் வேறு எந்த வீட்டுத் தண்ணீரிலும் பருப்பு அப்படி வேகாது என்பாள். வேறு வீட்டுத் தண்ணீரை அவள் வாயில் வைத்ததும் இல்லை. கல்யாண வீட்டுக்குப் போனாலும் செம்பில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் கூடவே போகும்.

பள்ளம் தோண்டின முதல் கோடையில் கயிற்றுக்கு இரண்டு முழம் ஒட்டுப் போட்டோம். அடுத்த கோடையில் வாளியில் சேறு வந்தது. மூன்றாவது கோடையில் வாளி கல்லில் இடித்த சத்தம்தான் வந்தது. எங்கள் கிணறு மட்டும் இல்லை, பள்ளத்துக்கு இரண்டு பக்கமும் உள்ள எல்லாக் கிணறும். தெருக்காரர்கள் மனு எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதற்குள் நகரத்துக்குக் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது. அருவிக்கரையிலிருந்து வரும் ஆற்றுத் தண்ணீர். தெருமுனையில் ஒரு பைப்பு நட்டார்கள். மலையாளி வீடுகளில் அன்றைக்கே குடத்தோடு போய் நின்றார்கள். தமிழ் வீடுகளிலும் நாலைந்து நாள் முணுமுணுத்துவிட்டுப் போய் நின்றார்கள். எங்கள் வீடும் இன்னும் இரண்டு வீடும் போகவில்லை.

காரணம் ஒரு துண்டுத் தோல். பைப்பு ஒழுகுகிறது என்று ஒரு ஆள் வந்து அதைத் திருகிக் கழற்றினான். என் மாமியார் கோயிலுக்குப் போய்விட்டு வருகிற வழியில் நின்று பார்த்தாள். அவன் உள்ளேயிருந்து கறுப்பாக வட்டமாக ஒன்றை எடுத்து எறிந்துவிட்டு, புதிதாக ஒன்றை நறுக்கி வைத்தான்.

"அது என்னதுடே?" என்று கேட்டிருக்கிறாள்.

"தோலு, அம்மா. வாஷர்."

"என்ன தோலு?"

"மாட்டுத் தோலுதான். வேற என்ன தோலு வைப்பாவ?"

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுத்தான் உள்ளே ஏறினாள். "செத்த மாட்டுக்க தோலுல பட்டு வாற வெள்ளம். அதக் குடிக்கியதுக்கு நாக்கு வறண்டு சாவலாம்" என்றாள். வெள்ளம் என்றால் எங்கள் பேச்சில் தண்ணீர். நாங்கள் வெள்ளாளர், சைவம். முட்டை ஓட்டை மிதித்தாலே கால் கழுவுகிற வீடு. அவள் சொன்னதற்கு மறுபேச்சு கிடையாது.

என் கணவர் சர்க்கார் ஆபீசில் குமஸ்தா. ஆபீசில் அதே பைப்புத் தண்ணீரைத்தான் குடித்தார். எனக்கு அது தெரியும். அவருக்கும் எனக்குத் தெரியும் என்று தெரியும். வீட்டில் வந்து, "அம்மா சொல்லியதும் சரிதான்" என்று சொல்லிவிட்டு வேட்டியை மாற்றிக்கொள்வார். நாலு தெரு தள்ளி ஒரு கோயில் கிணற்றிலிருந்து ஒரு ஆள் கொண்டுவந்து கொடுக்கிற இரண்டு குடம் தண்ணீரில் நாங்கள் ஒரு மழைக்காலம் வரை ஓட்டினோம்.

மழை ஓய்ந்த சமயம் மாமியாரின் தம்பி திருநெல்வேலிக்கு ரயிலேறினார். வழியனுப்ப அவள் முதல்முதலாக அந்தப் படியிறங்கினாள். நானும் போனேன். ரயில் போனதும் திரும்பாமல் பிளாட்பாரத்தின் கோடிக்குப் போய் நின்றுவிட்டாள். அங்கே மண்சுவரில், ஆள் உயரத்துக்குமேல் ஒரு வெடிப்பிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. சுவர் சரியாமலிருக்க ரயில்வேக்காரர்கள் அதை ஒரு கல்தொட்டியில் விழவிட்டு, அங்கிருந்து வாய்க்காலில் போகும்படி செய்திருந்தார்கள். மாமியார் கையில் ஏந்தி ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"நம்ம கிணத்து வெள்ளமாக்கும்" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் மேலே கை காட்டினாள். அந்தச் சுவருக்கு நேர்மேலே இல்லாவிட்டாலும், அந்தப் பக்கமாகத்தான் எங்கள் வீடு. "இத அறுத்தப்போ நம்ம ஊத்த அறுத்துப் போட்டானுவ. வெள்ளம் எங்கயும் போகல்ல. கீழ எறங்கி நிக்கு, அவ்வளவுதான்" என்றாள். நாலு வருஷமாக நான் பார்க்காத சிரிப்பு முகத்தில்.

அன்று சாயங்காலம் கணவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அது நம்ம வெள்ளம்தான்னு எப்படி அம்மா தெரியும்?"

"தெரியணும்னா பாத்துருவோம்" என்றாள்.

மறுநாள் ஒரு படி மஞ்சளை இடிக்கச் சொன்னாள். உரலில் இடித்தவளும் நான்தான். அதை இரண்டு பெரிய அண்டாத் தண்ணீரில் கரைத்து வற்றின கிணற்றில் ஊற்றுவது. கீழே ஸ்டேஷன் சுவரில் மஞ்சளாக வந்தால் அது எங்கள் கிணற்றுத் தண்ணீர். வராவிட்டால் வேறு யாருடையதோ. இதைக் கேட்டு என் கணவர் தலையாட்டினார். படித்தவர். எனக்கும் அன்றைக்கு அது நல்ல யோசனையாகத்தான் தோன்றியது.

காலைச் சாப்பாடு முடிந்ததும் என்னைக் கீழே அனுப்பினாள். "மஞ்சளு வாறது வரைக்கும் அங்கயே நில்லு பிள்ளே. வந்ததும் ஓடி வா."

போய் நின்றேன். பிளாட்பாரத்தில் ஒரு பெண் ரயிலுக்கு இல்லாமல் சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்த்தான். ஒருவர், மூட்டையோடு நின்ற கிழவர், "என்ன அம்மா, சுவத்துல சாமி தெரியுதா?" என்று கேட்டார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். பத்தரை மணி வண்டி வந்து போனது. அந்தப் பள்ளத்துக்குள் புகை மேலே போகாது, அப்படியே நிற்கும். கண் எரிந்தது. வெயில் தலைக்கு நேராக வந்துவிட்டது. இரண்டு பக்கச் சுவரும் அடுப்பு மாதிரி சூட்டைக் கக்கின. அடுத்த வண்டியும் வந்து போனது. எனக்குக் கால் கடுத்தது. ஒதுங்கப் போக வேண்டும், போக இடமில்லை.

தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. லேசான மஞ்சள். ஆனால் நான் காலையில் போய் நின்ற முதல் நிமிஷத்திலேயே அது அதே நிறத்தில்தான் இருந்தது. செம்மண்ணில் ஊறி வருகிற தண்ணீர் எப்போதும் கொஞ்சம் மஞ்சளாகத்தான் இருக்கும். முந்தின நாள் அது என்ன நிறம் என்று யாரும் பார்த்து வைக்கவில்லை. மாமியார் பார்க்கவில்லை, நான் பார்க்கவில்லை, சர்க்கார் குமஸ்தாவும் கேட்கவில்லை.

இதெல்லாம் அப்போதே எனக்குப் புரிந்தது. நிறம் மாறவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். இன்னும் நிற்க முடியாது என்பதும் தெரியும். படியேறி வீட்டுக்குப் போனேன்.

"வந்துட்டா?" என்றாள்.

"வந்துட்டு அத்தை."

"நல்ல மஞ்சளா?"

"மஞ்சளாத்தான் வருகு."

நான் சொன்ன வார்த்தைகளில் ஒன்றும் பொய் இல்லை. மொத்தமும் பொய். அவள் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதாள். அதைப் பார்த்தபோது, நல்லதுதான் செய்தோம் என்றுகூட எனக்குத் தோன்றியது.

அன்றிலிருந்து ஆள் கொண்டுவந்த கோயில் தண்ணீர் நின்றது. காலையில் இரண்டு நடை, மத்தியானத்துக்குமேல் ஒரு நடை, நான் அந்த நாற்பத்திரண்டு படி இறங்கி ஏறினேன். பைப்பைத் தொடாத மற்ற இரண்டு வீட்டுப் பெண்களும் வர ஆரம்பித்தார்கள். ஸ்டேஷனில் யாரும் தடுக்கவில்லை. ஒழுகிப் போகிற தண்ணீர்தானே.

தொட்டியிலிருந்து இருபது அடி தள்ளி, பிரயாணிகளுக்காக ரயில்வே ஒரு பைப்பு வைத்திருந்தது. ஊருக்கு வந்த அதே ஆற்றுத் தண்ணீர். இதையும் எழுதிவிடுகிறேன். குடத்தைத் தொட்டியில் வைத்துவிட்டு நான் அந்தப் பைப்பில் கை நீட்டிக் குடிப்பேன். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, தினமும். படியிறங்கி வந்த தாகத்துக்கு, சொட்டுச் சொட்டாக வடிகிற தொட்டியைவிட அது சுலபமாக இருந்தது. ருசியும் நன்றாக இருந்தது. எனக்கு அந்தத் தோலைப் பற்றி ஒரு அருவருப்பும் கிடையாது. வீட்டில் சொல்லத்தான் தைரியம் கிடையாது.

அங்கே ஒரு மலையாளி போர்ட்டர் உண்டு. வயதானவர், ஒரு கண்ணில் பூ விழுந்தவர். என்னைப் பார்த்துச் சிரிப்பார். "அம்மைக்கு பைப்பு, வீட்டினு பாற, அல்லே?" என்று கேட்டார் ஒருநாள். உனக்குப் பைப்புத் தண்ணீர், வீட்டுக்காரர்களுக்குப் பாறைத் தண்ணீரா என்று. நான் குடத்தை எடுக்கக் குனிந்தேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அம்மே, அது குடிக்கான் கொள்ளூல்ல. கால் கழுகான் கொள்ளாம். நீங்களு கொண்டுபோகல்லே."

கால் கழுவலாம், குடிக்க ஆகாது, கொண்டுபோகாதீர்கள் என்று. அதை வந்து மாமியாரிடம் சொன்னேன். யார் சொன்னது என்றாள். போர்ட்டர் என்றேன். "அவன் எந்த ஜாதி?" என்றாள். தெரியாது என்றேன். "ரயிலு வந்து நாலு நாளு ஆகல்ல. இந்தக் கிணறு எங்க மாமனாரு காலத்துக் கிணறு. அவனா எனக்குச் சொல்லித் தாறது?" என்றாள். பேச்சு அதோடு முடிந்தது.

அடுத்த மீன மாசத்தில், பங்குனி வெயிலில், என் நாத்தனார் வந்தாள். நாகர்கோவிலில் கட்டிக்கொடுத்திருந்தது. ஏழு மாதம். பஸ்ஸில் வந்து தம்பானூரில் இறங்கினாள். இறங்கும்போதே, "மைனி, அந்த டிரைவருக்க பொண்டாட்டிக்குப் பிரசவ வலின்னு நெனைக்கேன். என்னா ஓட்டு ஓட்டினான்" என்றாள். பேசிக்கொண்டேயிருப்பாள். அவள் வந்த பிறகுதான் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவளை எனக்குப் பிடிக்கும். நாத்தனார்களைப் பற்றி எல்லோரும் சொல்கிற குறை ஒன்றும் அவளிடம் எனக்கில்லை.

பாலத்தில் நின்று ரயில் பார்ப்பது அவளுக்குப் பைத்தியம். பிள்ளைத்தாய்ச்சி புகைக்குமேல் நிற்கக் கூடாது என்று மாமியார் தடுப்பாள். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் பாலத்துக்குப் போவோம். மேலிருந்து பார்த்தால் பிளாட்பாரத்தில் நிற்கிறவர்களின் உச்சந்தலை மட்டும்தான் தெரியும். அவள் எண்ணுவாள். "மைனி, இன்னைக்கு ஒன்பது வழுக்கை. அதுல ரெண்டு பேரு முன்னால நாலு மயிர எடுத்துப் பின்னால போட்டு மூடியிருக்கானுவ. மேல இருந்து பாக்க ஆளு உண்டுன்னு தெரியாது, பாவம்."

"சும்மா இரு. கேட்டுரப் போகு."

"கேட்டா என்ன? ஏறி வாறதுக்குள்ள நாம வீட்டுல இருக்க மாட்டோமா?"

பிள்ளை பிறந்தால் அதைத் தூக்கிக்கொண்டு இந்த வண்டியில் ஏறித் திருநெல்வேலி போகவேண்டும் என்பாள். மலைக்குள் குகை வழியாகப் போகும் என்று கேள்விப்பட்டிருந்தாள். இருட்டில் பிள்ளை பயந்து அழுமா சிரிக்குமா என்று என்னிடம் கேட்டாள்.

வெயில் அந்த வருஷம் கொடுமையாக இருந்தது. அவளுக்கு எந்நேரமும் தாகம். தண்ணீரைக் காய்ச்சி ஜீரகம் போட்டுக் கொடுத்தால், சூடு வயிற்றைப் புரட்டுகிறது என்று குடிக்க மாட்டாள். சம்பாரம் கேட்பாள். மோரில் நிறையத் தண்ணீர் விட்டு, இஞ்சியும் நாரத்தை இலையும் கிள்ளிப்போட்டு, மாமியார் தன் கையாலேயே ஒரு நாளைக்கு நாலு செம்பு கரைத்துக் கொடுப்பாள். "குடி, மக்களே. நம்ம கிணத்து வெள்ளம். நீ வளந்த வெள்ளம்." காய்ச்சாத தண்ணீர். நான் சுமந்து வந்த தண்ணீர்.

ஒருநாள் அவள் செம்பை மூக்கருகே வைத்து, "அம்மா, இதுல எஞ்சின் நாத்தம் அடிக்கு" என்றாள். மாமியார் சிரித்தாள். "ஒனக்கு ஏழாம் மாசம். எல்லாம் நாறத்தான் செய்யும்." நானும் கூடச் சிரித்தேன்.

அடுத்த மாசம், மேடத்தில், காய்ச்சல் வந்தது. முதலில் தலைவலி, உடம்பு வலி. சாதாரணச் சூடு என்றார்கள். வைத்தியர் வந்து கஷாயம் எழுதிக் கொடுத்தார். கஷாயம் வைத்ததும் அதே தண்ணீரில். எட்டு நாளாயிற்று, பத்து நாளாயிற்று, காய்ச்சல் இறங்கவில்லை. படுக்கையிலிருந்து எழுந்திருக்க முடியாமல் ஆனாள். பேச்சு குறைந்தது. அவள் பேச்சு குறைந்த அன்றைக்குத்தான் எனக்கு முதல்முதலாகப் பயம் வந்தது. கணவரிடம், "டாக்டர கூட்டிட்டு வாருங்கோ, இல்லன்னா நான் போறேன்" என்றேன். அப்படி நான் அவரிடம் பேசினதில்லை. போய்க் கூட்டிவந்தார்.

டாக்டர் நடுவயசுக்காரர், தமிழ் பேசுவார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். வெளியே வந்து, டைபாய்டு என்றார். பிறகு கேட்டார்: "வீட்டுல எங்கருந்து வெள்ளம் எடுக்கியோ?"

"எங்க சொந்தக் கிணத்து வெள்ளம்" என்றாள் மாமியார்.

அவர் கிணற்றை எட்டிப் பார்த்தார். காய்ந்த கல்லும், அடியில் இன்னும் போகாத மஞ்சள் கறையும். என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். அந்த இடத்தைக் காட்டுங்க என்றார். நான் முன்னே போக அவர் பின்னே வந்தார். படியிறங்கி, தொட்டியருகே நின்று, கைத்தடியால் சுவரின் வெடிப்பைத் தொட்டார். அப்படியே தடியை மேலே கொண்டுபோனார். அந்த வெடிப்புக்கு நேர்மேலே, பள்ளத்தின் விளிம்பில், ரயில்வே வீடுகளின் பின்பக்கம். கக்கூஸ் வரிசை.

"ஒங்க கிணறு எங்க இருக்கு, அம்மா?" என்றார்.

நான் கை காட்டினேன். அது இன்னும் நூறு அடி தள்ளி இருந்தது.

"இது ஒங்க கிணத்து வெள்ளம் இல்ல" என்றார். "இது என்ன வெள்ளம்னு நான் சொல்ல வேண்டாம்."

எத்தனையோ தடவை அந்த இடத்தில் குடத்தோடு நின்றிருக்கிறேன். ஒருதடவைகூடத் தலையைத் தூக்கி நேர்மேலே என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை.

இனிமேல் பைப்புத் தண்ணீர்தான், அதுவும் கொதிக்க வைத்து ஆற்றித்தான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் உத்தரவு போட்டார். மாமியார் வாசல்படியில் நின்றுகொண்டு, "அந்த வெள்ளம் என் அடுக்களைக்குள்ள வரப்படாது" என்றாள். மகள் உள்ளே கிடக்கிறாள், இவள் இப்படிச் சொல்கிறாள். கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "டாக்டரு சொன்னபடி செய்யட்டும் அம்மா" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அந்த மனிதருக்கு இவ்வளவு நாளாயிற்று. நான் புறவாசலில் மூன்று கல்லை வைத்து, அங்கேயே கொதிக்க வைத்து, அடுக்களைக்குள் போகாமல் பக்கவாட்டு வழியாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் குடித்தாள். "மைனி, இது எந்த வெள்ளம்? நல்லாருக்கு" என்றாள். பைப்பு என்றேன். "அம்மைக்குத் தெரிஞ்சா கொன்னு போடுவா" என்று சிரிக்கப் பார்த்தாள். உதடு வெடித்திருந்ததால் சிரிக்க முடியவில்லை.

மூன்றாவது வாரத்தில் வலி வந்துவிட்டது. எட்டு மாதத்துக் குழந்தை, ஆண். அழவேயில்லை. அதை அவளிடம் சொல்ல வேண்டாம் என்றார்கள். அவள் கேட்கவும் இல்லை. இரண்டு நாள் அவளுக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. நாகர்கோவிலிலிருந்து அவள் புருஷன் வந்து கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் போர்வையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, நான் நெற்றித் துணியை நனைத்துக்கொண்டு வந்து பார்க்கையில் மூச்சு நின்றிருந்தது.

மாமியாருக்கு ஒன்றும் வரவில்லை. அவளும் அதே சம்பாரத்தைக் குடித்தவள்தான். சிலருக்கு உடம்பு தாங்கிவிடும் என்றார் டாக்டர். எனக்கு ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பிளாட்பாரத்துப் பைப்பைப் பற்றிச் சொல்லியிருப்பேனா, தெரியாது. சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

துக்கம் கேட்க வந்தவர்கள் விதி என்றார்கள். ரயில் வந்து ஊரைக் கெடுத்தது என்றார்கள். கணவர் அதைப் பிடித்துக்கொண்டார். "ரயிலு வந்து நம்ம கிணறு போச்சு, அதான் எல்லாத்துக்கும் மூலம்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். கிணறு போனது ரயிலால்தான். அதை நான் இல்லையென்று சொல்லமாட்டேன். கேட்காமல் கொள்ளாமல் குன்றை அறுத்தவர்கள்மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. ஆனால் கிணற்றை எடுத்துக்கொண்டவர்கள் தெருமுனையில் பைப்பு நட்டிருந்தார்கள். ஐம்பது அடி நடந்திருந்தால் போதும். அந்த ஐம்பது அடியை நடக்காமல் தடுத்தது ரயில் இல்லை.

பதினாறு கழிந்தது. சொந்தக்காரர்கள் போனார்கள். மறுநாள் காலையில் நான் குடத்தை எடுத்துக்கொண்டு நேராகத் தெருமுனைப் பைப்புக்குப் போனேன். எல்லோரும் பார்க்க நின்று பிடித்தேன். திரும்பி வந்து முன்வாசல் வழியாக நுழைந்து, அடுக்களைக்குள் போய்க் குடத்தை அதன் இடத்தில் வைத்தேன். சண்டைக்குத் தயாராகத்தான் வைத்தேன். அவள் என்னென்ன சொல்வாள், நான் என்னென்ன சொல்வேன் என்று வழியெல்லாம் யோசித்திருந்தேன். கக்கூஸ் தண்ணீர் உங்களுக்குத் தீட்டில்லை, இது தீட்டா என்று கேட்கப் போகிறேன். மஞ்சள் வரவில்லை, நான் பொய் சொன்னேன் என்றும் அன்றைக்குச் சொல்லிவிடுவதாக இருந்தேன்.

மாமியார் அடுக்களையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். எழுந்தாள். செம்பை எடுத்துக் குடத்தில் முகந்தாள்.

"அத்தை, அது பைப்பு வெள்ளம்" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

அண்ணாந்து குடித்தாள். ஒரு செம்பு முழுக்கக் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பழைய இடத்தில் போய் உட்கார்ந்தாள். குளிக்கவில்லை, வாய் கொப்புளிக்கவில்லை.

அவள் அந்தச் செம்பைத் தூக்கி எறிந்திருந்தால் எனக்குப் பரவாயில்லை. குடத்தைத் தெருவில் உடைத்திருந்தாலும் பரவாயில்லை. அவளுக்கு அது அவ்வளவு பெரிய விஷயம், அதற்காகத்தான் இந்தச் சாவு நடந்தது என்று எதையாவது பிடித்துக்கொண்டு ஆறியிருப்பேன். இவ்வளவு சுலபமாகக் குடிக்க முடிகிற தண்ணீர் அது. மூன்று மாதத்துக்கு முன்னால் குடித்திருக்கலாம்.

நான் சொல்ல வைத்திருந்ததைச் சொல்லவில்லை. அரிசியைக் களைந்து, அந்தத் தண்ணீரில் உலை வைத்தேன். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அவளோடு அதே வீட்டில் இருந்தேன். மஞ்சளைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.